காசுக்கேத்த தோசை: ‘சபோட்டாஜ்’ என்னும் சொல் கைமாறிய கதை

ரயில் தடம் புரண்டால், ஆலையில் தீப்பிடித்தால், மறுநாள் பத்திரிகைகளில் ‘நாசவேலையா?’ என்றொரு தலைப்பு வந்துவிடும். விசாரணை தொடங்குவதற்கு முன்பே அந்தக் கேள்விக்குறி தன் வேலையை முடித்திருக்கும். தண்டவாளத்தைப் பார்த்துக்கொள்ளும் ஆட்களின் எண்ணிக்கை ஏன் குறைந்தது, பராமரிப்புச் செலவை வெட்டியது யார் என்பதெல்லாம் பின்னுக்குப் போய், ‘எவன் செஞ்சான்?’ என்பது மட்டும் மிஞ்சும்.

‘நாசவேலை’ என்று நாம் எழுதுவது ஆங்கிலத்தில் புழங்கும் ‘சபோட்டாஜ்’ என்னும் சொல்லை. வேண்டுமென்றே சேதம் விளைவித்தல் என்று அகராதி பொருள் சொல்லும். பொய்யில்லை. ஆனால் அது பாதிக் கதை, அதுவும் பின்பாதி. முன்பாதியில் இந்தச் சொல் தொழிலாளர்களுடையது. அவர்கள் கூடிப் பேசி, தீர்மானம் போட்டு, தங்களுக்கென்று வைத்துக்கொண்ட சொல். முப்பதே ஆண்டுகளுக்குள் அது அவர்கள் மீது சாட்டப்படும் குற்றத்தின் பெயராகிவிட்டது. இந்தக் கைமாற்றம் எப்படி நடந்தது, அதனால் எந்தெந்தச் சேதங்களுக்குப் பெயரே இல்லாமல் போயிற்று என்பதுதான் இங்கு நமது கேள்வி.

1

முதலில் ஒரு கட்டுக்கதையைக் கழித்துவிடுவோம். பிரான்சில் ஏழைகளும் விவசாயிகளும் அணிந்த மரச்செருப்புக்கு ‘சபோ’ என்று பெயர். யந்திரங்கள் வந்து பிழைப்பைக் கெடுத்தபோது கோபங்கொண்ட நெசவாளிகள் அந்தச் செருப்பைக் கழற்றி யந்திரத்துக்குள் எறிந்தார்கள், அதிலிருந்து ‘சபோட்டாஜ்’ பிறந்தது என்று சொல்வார்கள். பாடப்புத்தகத்திலிருந்து ஹாலிவுட் படம் வரை இதே கதைதான். 1991-ல் வந்த ‘ஸ்டார் டிரெக்’ படமொன்றில்கூட ஒரு பாத்திரம் இதைச் சரித்திரமாகவே ஒப்பிக்கும். இப்படி நடந்ததற்கு அந்தக் காலத்துச் சான்று கிடையாது.

பிரெஞ்சுப் பேச்சுவழக்கில் ‘சபோத்தே’ என்றால் மரச்செருப்போடு தடதடவென்று நடப்பது. அதிலிருந்து, ஒரு காரியத்தை ஏனோதானோவென்று செய்வது, சொதப்புவது என்ற பொருள் வந்தது. மரச்செருப்புப் போட்ட பட்டிக்காட்டான் நகரத்துத் தொழிலாளி மாதிரி நறுவிசாக வேலை செய்யமாட்டான் என்கிற ஏளனமும் அதில் ஒட்டியிருக்கிறது. நம்மூரில் ‘கடனேன்னு செஞ்சான்’, ‘ஒப்பேத்திட்டான்’ என்று சொல்கிறோமே, கிட்டத்தட்ட அதுதான்.

கட்டுக்கதைக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் சின்னதல்ல. கதையில் தொழிலாளி யந்திரத்தைக் கண்டு மிரண்டவன், எதிர்காலத்தைப் புரிந்துகொள்ளாதவன், கையில் கிடைத்ததை எறிபவன். பேச்சுவழக்கில் அவன் வேலை செய்கிறவன். எப்படிச் செய்வது, எப்படிச் செய்யாமலிருப்பது என்பது அவனுக்குத் தெரியும். முதல் சித்திரம் ஏன் இவ்வளவு வசதியாகப் பரவியது என்று யோசிக்க வேண்டும்.

யந்திரத்தை உடைத்தவர்கள் உண்டு. 1811 முதல் இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம் பகுதியில் தொடங்கி நெசவுச் சட்டங்களை உடைத்த லுட்டைட்டுகள் அத்தகையவர்கள். 1812-ல் அதற்கு மரணதண்டனை விதிக்கும் சட்டமே வந்தது. அவர்களுக்கு ‘சபோட்டாஜ்’ என்ற சொல் தெரியாது. எல்லா யந்திரங்களையும் அவர்கள் உடைக்கவுமில்லை. கூலியைக் குறைத்த முதலாளியின் சட்டம் உடைபடும், பக்கத்து வீட்டுக்காரனுடையது தப்பிவிடும். தொழிற்சங்கம் வைக்க அனுமதியில்லாத காலத்தில் கலவரமே பேரம்பேசும் வழியாக இருந்தது என்று எரிக் ஹாப்ஸ்பாம் 1952-ல் எழுதிய கட்டுரை இதை விளக்கியிருக்கிறது. யந்திரத்துக்கு எதிரான குருட்டுக் கோபம் என்ற வாசிப்பு அப்போதே உடைந்துபோனது. ஆனாலும் செருப்புக் கதை இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

2

சொல் பிரான்சுடையது, செயலுக்குப் பெயர் வைத்த முன்மாதிரி ஸ்காட்லாந்திலிருந்து வந்தது. 1889-ல் கிளாஸ்கோ துறைமுகத் தொழிலாளர்கள் கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். முதலாளிகள் வயல்வேலை செய்துகொண்டிருந்தவர்களைக் கொண்டுவந்து இறக்கினார்கள். வேலைநிறுத்தம் தோற்றது. பழைய கூலிக்கே திரும்ப வேண்டிய நிலை. அப்போது சங்கத் தலைவர்கள் சொன்ன யோசனை இது: புதிதாக வந்தவர்களின் வேலை தங்களுக்குத் திருப்தி என்று முதலாளிகளே சொல்லிவிட்டார்கள். அவர்களுக்கு மூட்டை தூக்கத் தெரியவில்லை, பாதியைத் தண்ணீரில் போட்டார்கள், ரெண்டு பேர் சேர்ந்தும் நம்மில் ஒருத்தர் வேலையைச் செய்யவில்லை. நாமும் அதே மாதிரி செய்வோம். சில நாட்களில் முதலாளிகள் இறங்கிவந்தார்கள். கேட்ட கூலி கிடைத்தது.

ஸ்காட்லாந்துக்காரர்கள் இதைக் ‘கா கேனி’ என்றார்கள். ‘பதனமாப் போ’, ‘நிதானமாப் போ’ என்று அர்த்தம். அவசரப்படாதே என்று சாதாரணமாகச் சொல்கிற பேச்சு, ஒரு போராட்ட வடிவத்தின் பெயராயிற்று.

எமில் பூஜே என்ற பிரெஞ்சு அராஜகவாதி லண்டனில் இருந்தபோது இதைக் கவனித்தார். ‘பேர் பெனார்’ என்ற பத்திரிகையை நடத்தியவர் அவர். செருப்புத் தைக்கும் ஒரு கிழவன் பேசுவதுபோல, தெருவில் பேசும் கொச்சையிலேயே எழுதப்பட்ட ஏடு அது. 1894-ல் அராஜகவாதிகள் மீது அடக்குமுறைச் சட்டங்கள் பாய்ந்தபோது லண்டனுக்குத் தப்பிப்போனவர், மறு ஆண்டு திரும்பி வந்தார். 1897-ல் தூலூஸ் நகரில் கூடிய பிரெஞ்சுத் தொழிலாளர் பொதுக் கூட்டமைப்பின் மாநாட்டில் ஓர் அறிக்கை முன்வைக்கப்பட்டது. அதைத் தயாரித்ததில் பூஜேவுக்கு முக்கியப் பங்கு. மாநாடு அதை ஏற்றுக்கொண்டது. ‘சபோட்டாஜ்’ தொழிலாளர் இயக்கத்தின் அதிகாரபூர்வமான சொல்லாக நுழைவது இங்கேதான். சொதப்பல் என்று மேல்தட்டு ஏளனம் செய்ததைத் தொழிலாளி கையில் எடுத்து, ‘ஆமா, சொதப்புவோம், நீ குடுக்குற கூலிக்கு இவ்வளவுதான்’ என்று திருப்பிக் கொடுத்த தருணம் அது.

அவர்கள் வைத்த கோஷத்தைத் தமிழில் சொல்ல மொழிபெயர்ப்பாளர் தேவையில்லை. ‘காசுக்கேத்த தோசை’. உழைப்புச் சக்தி ஒரு சரக்கு என்று முதலாளியப் பொருளாதாரம் சொல்கிறது. சரக்குதானே, அப்படியானால் விலைக்கேற்ற தரம். விலையைக் குறைத்தால் மட்டச் சரக்குதான் கிடைக்கும் என்று கடைக்காரன் சொல்வது நியாயமென்றால் கூலிக்காரன் சொல்வது மட்டும் எப்படி அநியாயமாகும்? முதலாளியத்தின் தர்க்கத்தை அதன் எல்லை வரை கொண்டுபோய் அதன் முகத்துக்கு நேரே நிறுத்தியதில்தான் இந்தச் சொல்லின் கூர்மை இருக்கிறது.

பூஜே பின்னர் எழுதிய பிரசுரத்தில் இதன் வகைகள் வரிசையாக வருகின்றன. வேகத்தைக் குறைப்பது ஒன்று. விதிகளை அட்சரம் பிசகாமல் கடைப்பிடித்து வேலையை நிறுத்துவது இன்னொன்று. 1905-ல் இத்தாலிய ரயில்வே தொழிலாளர்கள் இதைச் செய்துகாட்டினார்கள். விதிப்புத்தகத்தில் உள்ளபடியே எல்லாவற்றையும் செய்தால் ரயில் நகராது! மூன்றாவது, ‘திறந்த வாய்’. கடைச் சிப்பந்தி வாடிக்கையாளரிடம் இந்தப் பண்டத்தில் என்ன கலப்படம் என்று உண்மையைச் சொல்லிவிடுவது. கொத்தனார் வீடு கட்டுபவரிடம் சிமெண்டின் லட்சணத்தைப் போட்டுடைப்பது. உண்மை பேசுவதே முதலாளிக்கு நாசமாகிற இடங்களும் உண்டு என்பதை இந்த மூன்றாவது வகை காட்டிக்கொடுக்கிறது.

யந்திரத்தின் ஒரு பாகத்தைக் கழற்றி முடக்குவதும் அந்தப் பட்டியலில் இருந்தது. அதை மறைத்து இந்தச் சொல்லைச் சாந்தசொரூபியாக்க வேண்டிய அவசியமில்லை. ஆனால் அடி முதலாளியின் பணப்பையில் விழ வேண்டுமே தவிர, சாப்பிடுகிறவர்கள் மேல், பயணம் செய்கிறவர்கள் மேல் விழக்கூடாது என்பது பூஜே திரும்பத் திரும்ப வலியுறுத்திய நிபந்தனை. பாலில் தண்ணீர் கலப்பவர்கள், மாவில் கலப்படம் செய்பவர்கள், மட்டச் சாமானில் வீடு கட்டுபவர்கள் ஆகியோர்தான் ஜனங்களின் உயிரோடு விளையாடும் உண்மையான சபோட்டாஜ்காரர்கள் என்று அவர் விரலைத் திருப்பிக் காட்டினார்.

இங்கே ஒரு ஒப்பீடு அவசியம். தூலூஸ் அறிக்கை பேசியது ஒரு ஆயுதத்தைப் பற்றியல்ல, இரண்டைப் பற்றி. மற்றது ‘பாய்காட்’. 1880-ல் அயர்லாந்தில் பாய்காட் என்ற பண்ணை நிர்வாகியை ஊரே ஒதுக்கிவைத்ததிலிருந்து வந்த சொல். ஒரே அறிக்கையில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த இரண்டு சொற்களும் தமிழுக்கு வந்தன. ஒன்று ‘பகிஷ்காரம்’ என்று தேசிய இயக்கத்தின் கதரை உடுத்திக்கொண்டு வந்தது, பிறகு ‘புறக்கணிப்பு’ ஆனது. இன்னொன்று ‘நாசவேலை’ என்று காவல்துறை அறிக்கை வழியே வந்தது. வாங்குபவனின் மறுப்புக்கு மரியாதை. உழைப்பவனின் மறுப்புக்கு முதல் தகவல் அறிக்கை.

3

1910 அக்டோபரில் பிரெஞ்சு ரயில்வே தொழிலாளர்களின் பெரும் வேலைநிறுத்தம் நடந்தது. அப்போது பிரதமர் அரிஸ்தீத் பிரியான். ஒரு காலத்தில் பொது வேலைநிறுத்தத்துக்கு ஆதரவாக மேடைமேடையாகப் பேசிய சோஷலிஸ்ட்! அவர் தொழிலாளர்களை ராணுவப் பணிக்கு அழைத்து உத்தரவு போட்டார். வேலைக்கு வராவிட்டால் ராணுவக் குற்றம். ஆயிரக்கணக்கானவர்கள் வேலையிழந்தார்கள். ஆங்கிலப் பத்திரிகைகளில் ‘சபோட்டாஜ்’ நடமாடத் தொடங்குவது இந்த ஆண்டுவாக்கில்தான். அறுபட்ட தந்திக்கம்பிகள், முடங்கிய சிக்னல்கள் பற்றிய செய்திகளோடு அது வந்து சேர்ந்தது. அதாவது ஆங்கிலத்துக்குள் நுழையும்போதே நிதானமாக வேலை செய்தல், திறந்த வாய் எல்லாம் உதிர்ந்து, கம்பி அறுத்தல் மட்டும் கரையேறியது.

அமெரிக்காவில் இந்தச் சொல்லைத் தூக்கிப் பிடித்தவர்கள் 1905-ல் சிகாகோவில் தொடங்கப்பட்ட ‘உலகத் தொழில்துறைத் தொழிலாளர்கள்’ அமைப்பினர். ஐ.டபிள்யூ.டபிள்யூ. என்றும் ‘வாப்ளி’கள் என்றும் அழைக்கப்பட்டவர்கள். கறுப்புப் பூனையும் மரச்செருப்பும் அவர்கள் சுவரொட்டிகளில் சின்னங்களாயின. 1913-ல் பேட்டர்சன் நகரத்துப் பட்டாலைத் தொழிலாளர்களின் வேலைநிறுத்தத்தின்போது சபோட்டாஜை ஆதரித்துப் பேசிய ஃப்ரெடரிக் சம்னர் பாய்டுக்குச் சிறைத்தண்டனை கிடைத்தது. அந்த வழக்கையொட்டி எலிசபெத் கர்லி ஃப்ளின் ஒரு பிரசுரம் எழுதினார். அதில் அவர் எடுத்துக்கொண்ட உதாரணம் பட்டு. சாயப்பட்டறையில் தகரம், ஈயம் போன்ற உலோக உப்புகளை ஏற்றிப் பட்டின் எடையைக் கூட்டுவது முதலாளிகளின் வாடிக்கை. எடை கூடும், லாபம் கூடும், சேலை சீக்கிரம் இற்றுப்போகும். தொழிலாளி இந்த உப்பை ஏற்றாமல், சுத்தமான பட்டைச் சுத்தமாகச் சாயம் போட்டுக் கொடுத்தால்? முதலாளிக்கு நஷ்டம், ஆகவே சபோட்டாஜ்! நல்ல பட்டைக் கொடுப்பது குற்றமாகவும் இற்றுப்போகும் பட்டைக் கொடுப்பது வியாபாரமாகவும் இருக்கிற உலகம் அது.

இந்தச் சொல்லைக் கண்டு முதலில் பதறியது அரசாங்கம்கூட இல்லை, தோழர்கள்தான். 1912-ல் இண்டியானாபொலிஸில் கூடிய அமெரிக்க சோஷலிஸ்ட் கட்சி மாநாடு, சபோட்டாஜை ஆதரிப்பவர்களைக் கட்சியிலிருந்து நீக்கலாம் என விதி செய்தது. ஐ.டபிள்யூ.டபிள்யூ. தலைவர் பில் ஹேவுட் 1913 தொடக்கத்தில் கட்சியின் தேசியச் செயற்குழுவிலிருந்து அகற்றப்பட்டார். தேர்தலில் நிற்கிற கட்சிக்கு மரியாதையான வாக்காளர்கள் தேவைப்பட்டார்கள் என்பது புரிகிறது. ஆனால் இயக்கமே ஒரு சொல்லைக் கைகழுவினால் அது அரசுக்கு எவ்வளவு சுலபமாகக் கிடைத்துவிடுகிறது என்பதற்கு அடுத்த ஐந்து வருடங்களே சாட்சி.

1917-ல் ஐடஹோ மாநிலம் ‘குற்றவியல் சிண்டிகலிசம்’ என்றொரு சட்டம் போட்டது. சபோட்டாஜ் செய்வது மட்டுமல்ல, அதைப் போதிப்பது, எழுதுவது, போதிக்கும் அமைப்பில் சேர்வது எல்லாமே குற்றம். சில ஆண்டுகளில் சுமார் இருபது மாநிலங்கள் இதைப் பின்பற்றின. 1918 ஏப்ரலில் மத்திய அரசின் சபோட்டாஜ் சட்டம் வந்தது. அதே 1918-ல் சிகாகோவில் ஐ.டபிள்யூ.டபிள்யூ.வினர் நூறு பேருக்கு மேல் ஒரே வழக்கில் தண்டிக்கப்பட்டார்கள். ஹேவுட்டுக்கு இருபது ஆண்டு. சோதனைகளில் அள்ளிக்கொண்டு போன கடிதங்களும் பத்திரிகைகளும் பிரசுரங்களும் வழக்கின் பிரதான சாட்சியங்கள். சொல்லே செயலாக விசாரிக்கப்பட்டது. சொற்கள் வெறும் சொற்கள்தானே என்று நினைப்பவர்கள் இந்த வழக்கை ஒருமுறை வாசிக்க வேண்டும்.

4

ஜாமீனில் இருந்த ஹேவுட் 1921-ல் சோவியத் ரஷ்யாவுக்குத் தப்பிப்போனார். 1928 மே 18 அன்று மாஸ்கோவில் இறந்தார். அதே மே 18 அன்று அதே மாஸ்கோவில் ஷாக்டி வழக்கு விசாரணை தொடங்கியது. டான்பாஸ் நிலக்கரிச் சுரங்கங்களின் பொறியாளர்களும் தொழில்நுட்பவியலாளர்களுமாக 53 பேர் உற்பத்தியைத் திட்டமிட்டுச் சிதைத்ததாகக் குற்றம்சாட்டப்பட்டார்கள். பதினோரு பேருக்கு மரணதண்டனை விதிக்கப்பட்டது, ஐந்து பேர் சுடப்பட்டார்கள். சபோட்டாஜைப் போதித்ததாக முதலாளிய அரசு விரட்டிய மனிதர் பாட்டாளி வர்க்க அரசின் தலைநகரில் கண்மூடிய நாளில், அந்த அரசு தன் நாசவேலைக்காரர்களை மேடையேற்றிக்கொண்டிருந்தது. இதைத் தற்செயல் என்று ஒதுக்கலாம். ஆனால் இந்தத் தற்செயல் ஒரு கோட்பாட்டுப் பிரச்சினையை நம்முன் வைக்கிறது.

ரஷ்ய மொழியில் பயன்பட்ட சொல் ‘வ்ரெதீத்தெல்’. பயிரை அழிக்கும் பூச்சிக்கும் அதே சொல்தான். கெடுக்கிறவன் மனிதனா, பூச்சியா என்று மொழியே பிரித்துப் பார்க்கவில்லை. குற்றவியல் சட்டத்தின் 58-ஆம் பிரிவில் ஏழாவது உட்பிரிவு உற்பத்தியைக் கெடுப்பது பற்றியது. பதினான்காவது உட்பிரிவு நேரடியாகவே ‘சபோட்டாஜ்’. கடமையை வேண்டுமென்றே செய்யாதிருத்தல் அல்லது அசிரத்தையாகச் செய்தல் என்பது அதன் சாரம். பிற்பாடு வதைமுகாம்களில் வேலை செய்ய மறுத்த கைதிகள் மீதும் அது பாய்ந்தது. கிளாஸ்கோ துறைமுகத்தின் ‘நிதானமாப் போ’ இப்போது எதிர்ப்புரட்சி.

ஆலை தொழிலாளியுடையது, அரசு தொழிலாளியுடையது, ஆகவே வேலையில் சுணங்குகிறவன் தன்னையே கெடுத்துக்கொள்கிறான் என்பது வாதம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் வேகத்தை யார் நிர்ணயித்தார்கள்? ஐந்தாண்டுத் திட்டத்தின் இலக்கு எட்டமுடியாதபோது அதைச் சொல்லும் உரிமை சுரங்கத்துக்குள் இறங்குபவனுக்கு இருந்ததா? இலக்கே தவறு என்று சொல்ல வழியில்லாத இடத்தில் ஒவ்வொரு விபத்துக்கும் ஒவ்வொரு பற்றாக்குறைக்கும் ஒரு சதிகாரன் தேவைப்படுவான். உடைமை யார் பெயரில் இருக்கிறது என்பதை மட்டும் கேட்டு, வேலையின் வேகமும் முறையும் யார் கையில் என்பதைக் கேட்காமல் விட்டதன் விலை இது. இடதுசாரிகள் இந்தக் கணக்கை நேர்மையாகப் போட்டுப் பார்க்காமல் முதலாளிய அரசுகளின் சட்டங்களை மட்டும் விமர்சித்துப் பயனில்லை.

5

அரசுகள் இந்தச் செயலை எப்போதும் வெறுத்தன என்று நினைத்துவிட வேண்டாம். எதிரி நாட்டில் நடந்தால் அது வீரம். 1944 ஜனவரியில் அமெரிக்க ரகசிய சேவை அமைப்பு ‘எளிய சபோட்டாஜ்’ பற்றி ஒரு கையேடு தயாரித்தது. ஜெர்மன் ஆக்கிரமிப்பில் இருந்த நாடுகளின் சாதாரண ஜனங்களுக்காக. வெடிகுண்டு வேண்டாம். வேலையை மெதுவாகச் செய்யுங்கள், கருவியை மழுங்கவிடுங்கள், எல்லாவற்றையும் முறைப்படி மேலிடத்துக்கு அனுப்பச் சொல்லி அடம்பிடியுங்கள், எதையும் ஒரு கமிட்டிக்கு விடுங்கள், கூட்டங்களில் நீளமாகப் பேசுங்கள் என்பதெல்லாம் அதன் யோசனைகள். (நம் அலுவலகங்களையும் சில இலக்கியக் கூட்டங்களையும் அறிந்தவர்களுக்குக் கையேடு தேவைப்படாது.) இருபத்தாறு ஆண்டுகளுக்கு முன் எந்தப் போதனைக்காக வாப்ளிகளைச் சிறையில் தள்ளியதோ, அதையே அரசு இப்போது அச்சடித்து விநியோகித்தது.

இந்தியாவில் 1942-ல் இந்தச் சொல் அன்றாடச் செய்தியானது. தண்டவாளம் பெயர்ப்பு, தந்திக்கம்பி அறுப்பு, கோவைக்கு அருகே சூலூர் விமானத் தளம் எரிப்பு. பிரிட்டிஷ் அரசு 1943-ல் இந்தக் கலவரங்களுக்குக் காங்கிரசே பொறுப்பு என்று ஒரு வெளியீடு கொண்டுவந்தது. ஜெயப்பிரகாஷ் நாராயண், அருணா ஆசஃப் அலி போன்றோர் தலைமறைவாக இருந்து இந்த முடக்கத்தை நியாயப்படுத்தினார்கள். சிறையிலிருந்து வெளிவந்த காந்தி அதை ஏற்கவில்லை. ‘மக்கள் யுத்தம்’ பேசிய கம்யூனிஸ்டுகள் அவர்களை ஐந்தாம்படை என்றார்கள். விவாதம் முழுக்கத் தண்டவாளம், பாலம், கம்பி பற்றியதாகவே இருந்தது. பட்டறைக்குள் கூலிக்கேற்ற வேலை என்ற பழைய பொருள் அதில் எங்குமில்லை. ‘நாசவேலை’ என்ற தமிழாக்கம் இந்தச் சூழலுக்குப் பொருத்தமாகவே இருந்தது. நாசம் என்பது அழிவு மட்டுமே, அதில் நிதானத்துக்கு இடமில்லை.

இந்தச் சொல்லை எதிர்த்திசையில் மீட்ட ஒரு தருணத்தையும் குறிப்பிட வேண்டும். தென்னாப்பிரிக்க நிறவெறி அரசு 1962-ல் கொண்டுவந்த சபோட்டாஜ் சட்டம் குறைந்தது ஐந்தாண்டு, அதிகபட்சம் மரணதண்டனை என்றது. 1964 ஏப்ரலில் ரிவோனியா வழக்கின் குற்றவாளிக் கூண்டில் நின்று, ஆம் நான் சபோட்டாஜுக்குத் திட்டமிட்டேன் என நெல்சன் மண்டேலா ஒப்புக்கொண்டார். வன்முறையின் வடிவங்களில் உயிரிழப்பு இல்லாத ஒன்றென்பதால்தான் அதைத் தேர்ந்தோம் என்று காரணமும் சொன்னார். பூஜேயின் பழைய நிபந்தனை இன்னொரு கண்டத்தில் எதிரொலித்தது.

சட்டப் புத்தகங்களில் மட்டும் காற்று வேறுபக்கம் அடித்துக்கொண்டிருந்தது. இந்தியத் தொழில் தகராறுகள் சட்டத்தின் ஐந்தாவது அட்டவணை, வேண்டுமென்றே மெதுவாக வேலை செய்யத் தூண்டுவதை ‘முறையற்ற தொழிலாளர் நடைமுறை’ எனப் பட்டியலிட்டது. 1960களின் தொடக்கத்தில் பாரத் சர்க்கரை ஆலை வழக்கில் உச்சநீதிமன்றம் இதை நேர்மையற்ற செயல் என்று கடுமையாகச் சாடியது. முழுக்கூலி வாங்கிக்கொண்டு குறைவாக வேலை செய்வது ஏமாற்று என்பது அதன் வாதம். முழுவேலை வாங்கிக்கொண்டு குறைவாகக் கூலி கொடுப்பதற்கு அதே சொல்லைப் பயன்படுத்தலாமே என்று கேட்கத் தோன்றுகிறது. 2020-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தொழிலுறவுத் தொகுப்பு இன்னும் ஒருபடி போய், பாதிப் பேரோ அதற்கு மேலோ சேர்ந்து தற்செயல் விடுப்பு எடுத்தாலே வேலைநிறுத்தம் என்று சேர்த்துக்கொண்டது. வீட்டில் சும்மா இருப்பதும் கண்காணிப்புக்குரியதாயிற்று.

6

மறுபக்கம் வருவோம். 1919-ல் தோர்ஸ்டைன் வெப்லன் என்ற அமெரிக்கப் பொருளியலாளர் சபோட்டாஜ் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். வேண்டுமென்றே உற்பத்தித் திறனைக் குறைத்துக்கொள்வதுதான் சபோட்டாஜ் என்று தொழிலாளர்கள் தந்த விளக்கத்தை அவர் அப்படியே ஏற்றுக்கொண்டார். பிறகு கேட்டார்: இதை அன்றாடம் செய்துகொண்டிருப்பது யார்? விலை விழாமலிருக்க ஆலையைப் பாதி வேகத்தில் ஓட்டும் முதலாளிகள்தானே? அவருக்குப் பின் வந்த ஆண்டுகள் இதற்கு நிறைய உதாரணங்களைத் தந்தன. 1930களில் பிரேசில், விலையைத் தாங்கிப்பிடிக்கக் கோடிக்கணக்கான மூட்டைக் காப்பிக்கொட்டையை அழித்தது. 1933-ல் ஜனங்கள் சூப்புக்கு வரிசையில் நின்றுகொண்டிருந்த அமெரிக்காவில் சுமார் அறுபது லட்சம் பன்றிகள் விலை உயர்வுக்காகக் கொல்லப்பட்டன. 1924-ல் ஜெனிவாவில் கூடிய பெரும் பல்பு கம்பெனிகள் ஒரு கூட்டணி அமைத்து, பல்பின் ஆயுள் ஆயிரம் மணி நேரத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொண்டன. நன்றாக உழைக்கும் பல்பைத் தயாரித்த உறுப்பினர் கம்பெனிக்கு அபராதம்! இவையெல்லாம் வேண்டுமென்றே செய்த சேதங்கள். இவற்றின் பெயர் விலைநிலைப்படுத்தல், சந்தை ஒழுங்கு. ‘நாசவேலை’ என்று எந்தப் பத்திரிகையும் தலைப்பிடவில்லை.

இந்தப் பெயரிடும் அதிகாரம் உயிர்களின் மேல் எப்படி இறங்குகிறது என்பதைப் போபாலில் பார்க்கலாம். 1984 டிசம்பர் 2-3 இரவில் யூனியன் கார்பைடு ஆலையின் தொட்டியொன்றுக்குள் தண்ணீர் புகுந்து, சுமார் நாற்பது டன் மீதைல் ஐசோசயனேட் கொதித்து வெளியேறியது. நஷ்டஈட்டுக்காக அரசு ஏற்றுக்கொண்ட மரணக் கணக்கே ஐயாயிரத்தைத் தாண்டும். அந்தக் கணக்கில் சேராதவர்கள் எத்தனையோ மடங்கு என்கிறார்கள் அங்குள்ள அமைப்பினர்.

1986-ல் கம்பெனி ஒரு விளக்கத்தை முன்வைத்தது. அதிருப்தியுற்ற ஒரு தொழிலாளி குழாயைத் தொட்டியில் மாட்டித் தண்ணீரைத் திறந்துவிட்டான். சபோட்டாஜ். 1988-ல் கம்பெனி அமர்த்திய ஆர்தர் டி லிட்டில் ஆலோசனை நிறுவனத்தின் நிபுணர் ஒருவர், லண்டனில் நடந்த ரசாயனப் பொறியாளர் மாநாட்டில் இதை ஆய்வுக்கட்டுரையாகவே படித்தார். இந்த வாதம் எந்த நீதிமன்றத்திலும் நிரூபிக்கப்படவில்லை. ஆனால் கம்பெனி அதைக் கைவிடவுமில்லை.

வாதத்துக்காக அதை ஏற்றுக்கொண்டாலும்கூடக் கேள்விகள் மிஞ்சுகின்றன. தொட்டியைக் குளிர்விக்கும் யந்திரம் பல மாதங்களுக்கு முன்பே நிறுத்தப்பட்டிருந்தது. கசியும் வாயுவை எரிக்க வேண்டிய கோபுரம் இணைப்புக் கழன்று கிடந்தது. வாயுவைக் கழுவ வேண்டிய சாதனம் ஆயத்தமாக இல்லை. அந்தப் பிரிவில் ஆட்கள் பாதியாகக் குறைக்கப்பட்டிருந்தார்கள். 1982-ல் அமெரிக்காவிலிருந்து வந்த கம்பெனியின் சொந்தக் குழுவே குறைகளைப் பட்டியலிட்டிருந்தது. அதே ஆண்டில் ராஜ்குமார் கேஸ்வானி என்ற உள்ளூர்ப் பத்திரிகையாளர் ஊருக்கு வரப்போகும் ஆபத்தை எழுதியிருந்தார். இவை ஒவ்வொன்றும் யாரோ ஒருவர் மேசையில் கையெழுத்தான முடிவு. செலவைக் குறைக்கத் தெரிந்தே எடுத்த முடிவு. வெப்லனின் கணக்குப்படி இதற்குப் பெயர் என்ன?

ஏன் ‘விபத்து’ என்றுகூடச் சொல்லாமல் ‘சபோட்டாஜ்’ என்றார்கள்? காரணம் சட்டத்தில் இருக்கிறது. 1868-ல் முடிந்த ரைலண்ட்ஸ் வழக்கிலிருந்து வரும் ஆங்கிலச் சட்டக் கோட்பாட்டின்படி, ஆபத்தான பொருளைத் தன் இடத்தில் குவித்துவைப்பவனே அதன் சேதத்துக்குப் பொறுப்பு. ஆனால் விதிவிலக்கு உண்டு. ஓர் ‘அந்நியன்’ புகுந்து செய்த காரியமென்றால் பொறுப்பில்லை. சபோட்டாஜ் என்ற ஒற்றைச் சொல் ஆலையில் வருடக்கணக்காக வேலை பார்த்த தொழிலாளியை ஒரே இரவில் ஆலைக்கு அந்நியனாக்கிவிடுகிறது. கூலி கொடுக்கும்போது ‘நம்ம ஆள்’, பழி போடும்போது அந்நியன்.

ஓலியம் வாயுக்கசிவு வழக்கில் 1986 டிசம்பரில் இந்திய உச்சநீதிமன்றம் இந்த விதிவிலக்குகளை மறுத்தது. ஆபத்தான தொழில் நடத்துபவர் எந்தச் சாக்கும் சொல்லாமல் முழுப்பொறுப்பு ஏற்க வேண்டும் என்றது. அந்தக் கோட்பாடு போபால் ஜனங்களுக்கு உதவவில்லை. 1989-ல் 47 கோடி டாலருக்குச் சமரசம் முடிந்தது. 2010-ல் இந்திய அதிகாரிகள் ஏழு பேருக்குக் கவனக்குறைவுக்காக இரண்டாண்டுத் தண்டனை விதிக்கப்பட்டு உடனே ஜாமீனும் கிடைத்தது. கூடுதல் நஷ்டஈடு கேட்ட மனுவை 2023-ல் உச்சநீதிமன்றம் தள்ளுபடி செய்தது. தொழிலாளி செய்திருந்தால் ‘சபோட்டாஜ்’, நிர்வாகம் செய்தால் ‘கவனக்குறைவு’. இந்த இரண்டு சொற்களுக்கு இடையிலுள்ள தூரத்தை அளக்க வேண்டுமென்றால் போபாலின் இடுகாடுகளைத்தான் அளக்க வேண்டும்.

7

இதற்காகப் புதுத் தமிழ்ச் சொல் ஒன்றை உருவாக்கிக் கலைச்சொல் பட்டியலில் சேர்த்துவிட்டால் போதும் என்று சொல்ல வரவில்லை. மெதுவாக வேலை செய்வது, தெரியாத மாதிரி நடிப்பது, கருவி காணாமல்போவது என மலேசியாவின் நெல்வயல் கிராமம் ஒன்றில் பார்த்த அன்றாட எதிர்ப்புகளை ஜேம்ஸ் ஸ்காட் 1985-ல் ‘பலவீனர்களின் ஆயுதங்கள்’ என்று எழுதினார். நம் பண்ணையாட்களுக்கு இதைச் சொல்லித்தர யாரும் வர வேண்டியதில்லை. சொல் இல்லாததால் செயல் நின்றுவிடவில்லை. ஆனால் பெயரில்லாத செயலுக்கு எஜமானன் வைப்பதே பெயராகிறது. ‘சோம்பேறி’, ‘வேலைக் கள்ளன்’, ‘இந்தச் சாதியே இப்படித்தான்’. எதிர்ப்பைக் குணமாகவும் குணத்தைப் பிறப்பாகவும் மாற்றிவிடுகிற இந்த வேலையைச் சாதியச் சமூகம் வெகுகாலமாகச் செய்துவருகிறது.

பூஜேயையோ ஃப்ளின்னையோ தமிழாக்கும் தோழர்கள் ‘நாசவேலை’ என்று எழுதிவிட்டால், காவல்துறையின் அகராதியை வைத்துக்கொண்டு தொழிலாளியின் பிரசுரத்தை மொழிபெயர்த்தவர்களாகிறார்கள். அங்கே ‘சபோட்டாஜ்’ என்றே இருக்கட்டும், அடைப்புக்குறியில் ‘காசுக்கேத்த தோசை’ என்று வேண்டுமானால் சேர்க்கலாம். செய்தி எழுதும் நண்பர்கள் ‘நாசவேலை’ என்று எழுதும்போது, அது யார் வாயிலிருந்து வந்தது என்பதையும் அதே வாக்கியத்தில் எழுதட்டும். போலீஸ் சொன்னதா, கம்பெனி சொன்னதா, மந்திரி சொன்னதா? அடுத்த ஆலை வெடிக்கும்போது ‘எவன் செஞ்சான்?’ என்று கேட்பதற்கு முன்னால், பராமரிப்புக்கு ஒதுக்கிய பணம் எங்கே போச்சு, ராத்திரி ஷிப்டில் எத்தனை பேர் இருந்தார்கள், அவர்களில் எத்தனை பேர் ஒப்பந்தக் கூலிகள் என்று கேட்க வேண்டும். வேண்டுமென்றே செய்த சேதம் எதுவென்று அந்தப் பதில்கள் சொல்லும்.